அண்ணி பேரில் ஒரு பூச்சி

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கனகாம்பாளுக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டீக் கிளாஸைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பாள். கிளாஸ் அண்ணியுடையது என்பதால் மேசைமேல் வைத்தாள்.

இத்தனைக்கும் திரையில் இருந்தது நல்ல செய்தி. அதுதான் கொடுமை. ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் தேனீக்களுக்குப் பொறுப்பாக இருக்கும் யோஹானா என்ற பெண்மணி எழுதியிருந்தாள். நீ பிரித்துக் காட்டியது புது இனம்தான் என்று உறுதியாகிவிட்டது, கட்டுரை அச்சுக்குப் போகிறது, உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன், திறந்து பார், சந்தோஷப்படுவாய் என்று. கனகம் திறந்தாள். தலைப்பிலேயே, சாய்ந்த எழுத்தில், பூச்சியின் புதுப் பெயர் இருந்தது: ஆந்திரீனா மஞ்சுளே.

மஞ்சுளா என்பது கனகத்தின் அண்ணி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தேனீ எது குளவி எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே மட்டையால் அடிப்பாள்.

கண்டுபிடித்தது கனகம். நூற்று நாற்பத்து மூன்று தேனீக்கள் செருகியிருந்த ஒரு பழைய பெட்டியின் படங்களை, யாங்கோனில், தாமுவேயில் மூன்றாவது மாடி வீட்டில் உட்கார்ந்து, ஏழு மாதம் கண் எரிய எரியப் பார்த்தவள் அவள்தான். நூற்றைம்பது வருஷமாக அத்தனைக்கும் ஒரே பெயர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினேழின் முதுகில் மட்டும் புள்ளிக் குழிகள் இன்னும் நெருக்கமாக இருப்பதையும், அந்தப் பதினேழுமே ஸ்பெயினின் தெற்கே ஒரே ஆற்றங்கரை மணலில் பிடிபட்டவை என்பதையும் கண்டு சொன்னவள் அவள். யோஹானா முதலில் நம்பவில்லை. படத்தில் வெளிச்சம் விழுந்த கோளாறாக இருக்கும் என்றாள். கனகம் விடவில்லை. பதினேழையும் மறுபடி எடுத்துப் பாருங்கள் என்று நாலு தடவை எழுதினாள்.

அப்படிப் பாடுபட்டவள் அச்சில் எங்கே? எங்கேயும் இல்லை. தன் பெயரைத் தானே பூச்சிக்கு வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் மானக்கேடு. அதனால் யோஹானா கட்டுரையைத் தன் பெயரில் எழுதி, பூச்சிக்கு இவள் பெயர் என்று தான் நினைத்ததை வைத்திருந்தாள். பெண் பெயராக இருந்தால் கடைசியை லத்தீன் முறைப்படி மாற்றுவார்கள், மஞ்சுளா மஞ்சுளே ஆகிவிடும். யோஹானாவைக் குற்றம் சொல்ல முடியாது. நாலு வருஷமாக அவளுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான்.

அது எப்படி என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோபம் விளங்காது. இந்த ஊர்த் தமிழரில் பலருக்கு இரண்டு பெயர் உண்டு. வீட்டில் கூப்பிட ஒன்று, அடையாளச் சீட்டில் எழுதப் பர்மியப் பெயர் ஒன்று. கனகத்துக்குச் சீட்டில் கின் தண்டா. பல்கலைக்கழகத்தில் பதினொரு வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தது, மரியாதைக்கு முன்னால் டோ சேர்த்து, டோ கின் தண்டா. ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் எல்லாரும் வேலைக்குப் போகாமல் நின்றபோது அவளும் நின்றாள். அப்புறம் அப்படி நின்றவர்களின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் டோ கின் தண்டா இருந்தது. அன்றோடு அந்தப் பெயரை எங்கேயும் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

வீட்டில் சும்மா கிடந்த நாளில் இந்தத் தேனீ வேலை இணையத்தில் வந்து சேர்ந்தது. பதிவு செய்ய ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் கேட்டார்கள். அண்ணிக்கு மட்டும் சீட்டிலும் மஞ்சுளாதான். அவள் அப்பா கியாக்தானில் வயல் வைத்திருந்த ஒரு முரட்டு மனிதர். வாத்தியார் சொல்லியும், அதிகாரி சொல்லியும், பிள்ளைகளுக்குப் பர்மியப் பெயர் எழுத விடவில்லை. பட்டியலில் இல்லாத பெயர், பட்டியலில் இல்லாத நம்பர். கேட்டபோது அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். போட்டுக்க என்றாள். ஒரு மாதத்துக்குத்தானே என்று கனகம் நினைத்தாள். ஒரு மாதம் நாலு வருஷமாயிற்று.

கட்டுரையின் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. திருத்தங்கள் இருந்தால் வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்குள் படிவத்தில் எழுத வேண்டும், அதன்பின் கட்டுரை தானாக வெளியாகிவிடும். அங்கே பகல் பன்னிரண்டு என்றால் யாங்கோனில் மாலை நாலரை. அஞ்சல் நேற்றே வந்திருக்கிறது. நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை.

வெளியான பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்பது கனகத்தைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? பூச்சிகளுக்குப் பெயர் வைப்பதில் சட்டம் அது. முதலில் அச்சேறிய பெயர்தான் பெயர். பொருந்தவில்லை என்று வைத்தவரே வந்து அழுதாலும் மாற்ற முடியாது. தப்பான தேசத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நூறு வருஷமாகத் திரிகிற பூச்சிகள் உண்டு.

என்ன பெயரைச் சொல்லி மாற்றுவது? கின் தண்டா என்றா? பட்டியல் போட்டவன் கண்ணில் கொண்டுபோய் விரலை விட்ட மாதிரி ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது சமையலறையிலிருந்து அண்ணன் தனசேகரன் குரல் கொடுத்தார்.

“கனகம், மீ போறதுக்குள்ள தண்ணி மோட்டாரப் போடு.”

கரண்டைத்தான் அவர் எல்லாரையும்போல மீ என்பார். கனகம் மோட்டாரைப் போடவில்லை. எழுந்து நின்றவள் அப்படியே நின்றாள். கனகம். கனகாம்பாள். இந்தப் பெயர் எந்தச் சீட்டில் இருக்கிறது? எந்தப் பட்டியலில் இருக்கிறது? அண்ணன், அண்ணி, கோவில் பூக்காரி, மாடியில் உள்ள இரண்டு வீட்டார், இவர்கள் வாயைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதை எழுதியிருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திராது. பெயர் என்று கேட்டால் சீட்டில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று, சீட்டில்லாத பெயர் பெயரே இல்லை என்று, பிறந்த நாளிலிருந்து பழகிப்போன புத்தி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அவள் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள், நிஜமாகவே வலித்தது.

சரி, இப்போதாவது எழுதுவோம் என்று படிவத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. புதிய தேசத்திலிருந்து நுழைகிறீர்கள், நீங்கள் நீங்கள்தானா என்று கேட்டது. மூடிய தளங்களைத் திறக்க எல்லாரும் போடுகிற விபிஎன் அன்று அவளை எந்தத் தேசத்தில் கொண்டுபோய் விட்டிருந்ததோ. உங்கள் போனுக்கு ஆறு எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. திறந்திருந்த அஞ்சலும் அதையே கேட்டு மூடிக்கொண்டது. உங்கள் போன் என்றால் அண்ணியின் போன். அண்ணி விடியற்காலை ஐந்தரைக்கே கியாக்தானுக்குப் பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்கு அவள் அப்பாவின் திவசம். போன் அணைந்து கிடந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னாள். அவர் மீன் குழம்பு ஊற்றிய சேமியாவான மொஹிங்காவில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே, போனில் சார்ஜ் இருந்திருக்காது என்றார். அவர் பேட்டரிக் கடைக்காரர். தாமுவே முழுக்க மின்வெட்டுக்குப் பேட்டரி விற்கிறார், சொந்த வீட்டில் வைத்த பேட்டரி எட்டு மாதமாக ரிப்பேர். சாயங்காலம் ஆறு ஏழுக்கு வந்துவிடுவாள், அப்போது வாங்கிக்கொள்ளலாமே என்றார். அண்ணியின் தங்கை ரேவதியின் போன்? தண்ணீரில் விழுந்து இரண்டு மாதமாயிற்றாம். கனகம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மொஹிங்காவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் கரண்ட் போயிற்று. மோட்டார் போடாததால் தண்ணீரும் இல்லை.

பத்தரைக்கு அவள் பபேடானில் பர்கத்துல்லா பாய் கடையில் இருந்தாள். பாய் கடையில் போட்டோ காப்பி எடுக்கலாம், படிவம் நிரப்பலாம், ஜெனரேட்டர் ஓடுகிற வரை இணையமும் உண்டு. யோசித்தபடியே, கனகாம்பாள் என்ற பெயரில் புதிதாக ஓர் அஞ்சல் முகவரி தொடங்கினாள். அதிலிருந்து யோஹானாவுக்கு எழுதினாள்: நான்தான் மஞ்சுளா, ஆனால் என் பெயர் மஞ்சுளா இல்லை, தயவுசெய்து கனகாம்பாள் என்று மாற்றுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அது ஏமாற்றுக்காரி எழுதிய மாதிரியே இருந்தது. ஆனாலும் அனுப்பினாள். அரை நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. வயிற்றில் பால் வார்த்தது என்று திறந்தால், யோஹானாவின் பெட்டி தானாகப் பேசியது. தேனீ பிடிக்க மலைப் பக்கம் போயிருக்கிறேன், திங்கட்கிழமை பார்க்கிறேன்.

பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீ சொன்னார். எந்த ஆபீஸ் படிவம் என்று கேட்டார். பெயர் மாற்றம் என்றாள்.

“அது ஆறு மாசம் ஆவும் தங்கச்சி. சீட்டு, வீட்டுப் பட்டியல், வார்டுகாரன் கையெழுத்து, பேப்பர்ல விளம்பரம், எல்லாம் வேணும்.”

“எனக்கு நாலரை வரைக்கும்தான் பாய் டைம்.”

பாய் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். டீக்குக் காசும் வாங்கவில்லை.

கியாக்தான் பஸ் பதினொன்றரைக்குப் புறப்பட வேண்டியது. ஆள் நிரம்பவில்லை என்று பன்னிரண்டே காலுக்குப் புறப்பட்டது. கனகம் கூண்டில் போட்ட பூனை மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மனசு மட்டும் சும்மா இருக்கவில்லை, அண்ணியைத் திட்டிக்கொண்டே வந்தது. போனுக்குச் சார்ஜ் போடத் தெரியாதா? இதே அண்ணிதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் திடீரென்று பக்தி முற்றி, மூன்று மாதம் செவ்வாய் தவறாமல் அம்மன் கோவிலுக்குப் போனவள். முழங்கால் தண்ணீரிலும் போனாள். அம்மன் உங்களுக்கு என்ன வேலை போட்டுக் கொடுத்திருக்கிறாள் அண்ணி என்று கனகம் கேலி செய்வாள். கோவிலுக்குப் போக மறக்காது, போனுக்குச் சார்ஜ் போட மறந்துவிடும்.

தன்லின் பாலத்துக்கு முன்னால் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். போனையும் வாங்கிப் பார்ப்பார்கள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் தலையைக் குனிந்து ஆளுக்கொன்றாக எதையெதையோ அழித்தார்கள். கனகமும் விபிஎன்னை அழித்தாள். நாற்பது நிமிஷம் வரிசை. கடைசியில் பஸ்ஸில் ஏறிய சிப்பாய் இவள் போனை வாங்கி, படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தேனீயின் முதுகு, தேனீயின் கால், தேனீயின் மூஞ்சி. முன்னூறு தேனீ தாண்டியும் மனிதர் யாரும் வராததால் அலுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தான். பாலம் தாண்டியதும் மறுபடி இறக்க ஆரம்பித்தாள். ஊர் வந்து சேரும் வரை அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ரேவதி வீட்டை அடைந்தபோது மணி இரண்டரை. திவசம் முடிந்து, காக்கைக்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்டாயிற்று. அண்ணி இல்லை.

அக்கா இப்போதுதான் தீவுக் கோவிலுக்குப் படகில் போனாள் என்றாள் ரேவதி. ஆற்று நடுவில் இருக்கிற புத்தர் கோவில் அது. அங்கே தண்ணீரில் ஆள் நீளக் கெளுத்தி மீன்கள் கிடக்கும், அப்பாவுக்கு அந்த மீன்களுக்குப் பொரி போடுவதென்றால் உயிர், அதனால் திவசத்தன்று அக்கா போகாமல் இருக்கமாட்டாள் என்று சாவகாசமாக விளக்கினாள். சாப்பிட உட்காரச் சொன்னாள். கனகம் செருப்பை மாட்டிக்கொண்டு படித்துறைக்கு ஓடினாள். ஒரு படகு அக்கரையில் நின்றது, இன்னொன்றின் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார்கள். படகு வந்து, ஆள் ஏறி, தீவை அடைந்தபோது மூன்றே கால்.

அண்ணி கைப்பிடிச் சுவரோரம் நின்று பொரி போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பூசிய தனாக்காச் சாந்து காய்ந்து வெடித்திருந்தது. கனகத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, போனைக் கொடுங்கள் என்றாள் கனகம்.

“போன் என்கிட்ட இல்ல. ரேவதி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல சோலார் இருக்குன்னு சார்ஜ் போடக் குடுத்தேன்.”

கனகத்துக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில், கெளுத்தி மீன்களுக்கு எதிரில், பட்டம் வாங்கிய ஒரு பெண்பிள்ளை அப்படி அழக்கூடாதுதான். அழுதாள். பட்ட காலிலே படும் என்பார்கள், அவளுக்கு அன்று காலே மிச்சமில்லை.

திரும்பும் படகுக்கு இருபது நிமிஷம் காத்திருந்து ஏறினார்கள். படகில் வேறு வேலை இல்லாததால் கனகம் எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்சம் கத்தித்தான் சொன்னாள், எஞ்சின் சத்தம் ஒரு காரணம். என் தேனீக்கு உங்கள் பெயரை வைத்துவிட்டார்கள், நாலரைக்குள் மாற்றாவிட்டால் உலகம் இருக்கும் வரை அப்படியே இருக்கும், அதற்கு உங்கள் போனுக்கு வருகிற ஆறு எண் வேண்டும் என்றாள்.

அண்ணி பொரிப் பையின் வாயை முறுக்கிக்கொண்டே கேட்டாள். என் பேரா, பூச்சிக்கா என்று ஒருமுறை கேட்டாள். சிரிக்கப்போகிறாள் என்று கனகம் நினைத்தாள்.

“மாத்திக்க கனகம். கண்ணு கெட பாடுபட்டவ நீ. என் பேரு எதுக்கு அதுல?” அப்புறம், ஆற்றைப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு வந்தவங்ககிட்ட நான் சொன்னது பொய்யாப் போவும். அவ்வளவுதான், அத யாரு பாக்கப்போறா” என்றாள்.

யார் வந்தார்கள் என்று கனகம் கேட்டாள்.

அண்ணி சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள்போல. வாய் தவறிவிட்டது. தவறியபின் எல்லாம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கனகம் பல் பிடுங்கப் போயிருந்த ஒரு பகலில், வார்டுகாரரோடு மூன்று பேர் மாடி ஏறி வந்தார்கள். இந்த நம்பரில் தொடங்கிய கணக்கு தினம் வெளிநாட்டோடு பேசுகிறது, மஞ்சுளா யார் என்று கேட்டார்கள். அண்ணனும் கடையில் இருந்தார். அண்ணி நான்தான் என்றாள். என்ன பேசுகிறாய் என்றார்கள். தேனீயைப் பற்றி என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அப்படியானால் தேன் எங்கே என்று ஒருவன் கேட்டான்.

“இது தேன் வைக்காத தேனீன்னு சொன்னேன். கூட்டம் சேராது, தனியா மண்ணுல குழி தோண்டும், புள்ளைக்குச் சோத்த உள்ள வச்சு மூடிட்டுப் போயிரும், புள்ள மூஞ்சியப் பாக்காதுன்னு சொன்னேன். நீ அடுப்படில வந்து சொல்லிக்கிட்டே இருப்பியே. அப்புறம் உன் கம்ப்யூட்டரத் தொறந்து படத்தக் காட்டுனேன். முதுகுல குழி பாருங்கன்னேன்.”

இரண்டு மணி நேரம் கேட்டார்களாம். மஞ்சுளா என்ற குடும்பப் பெண் தேனீ ஆராய்ச்சி செய்கிறாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் செவ்வாய் தவறாமல் ஆபீசில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டாள். வீட்டில் கோவிலுக்கு என்று சொன்னாள். உன்னிடம் சொன்னால் நீ அந்த வேலையை விட்டுவிடுவாய், அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாய், அதற்கு இது தேவலை என்றிருந்தது என்றாள்.

கனகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மன் என்ன வேலை போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று கேட்ட நாக்கு அதுதானே. மட்டையால் தேனீயை அடிக்கிறவள் என்று யோஹானாவுக்குக்கூட ஒருமுறை வேடிக்கையாக எழுதியிருக்கிறாள், என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று. அந்த ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் அரிசி களைந்திருக்கிறாள்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு ரேவதி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. உயிர் வந்து, கோடு கோடாகச் சிக்னல் ஏறி, கனகம் மறுபடி கேட்டதும் எண் வந்தது. அண்ணி ஒவ்வோர் எண்ணாக நிதானமாக வாசித்தாள். கனகம் தன் போனில் அழுத்தினாள். படிவம் திறந்தது. நாலு பதினெட்டு.

அதில் ஒரே கேள்வி. திருத்தம் உண்டா, இல்லையா. உண்டு என்றால் கீழே எழுதவும். கனகம் உண்டு என்று தொட்டாள். பெயரை எழுதினாள். கனகாம்பாள், அதற்கு லத்தீன் வால். தன் பெயரை அச்சு எழுத்தில் அப்படிப் பார்த்தது அன்றுதான். நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அண்ணி பக்கத்தில் நிற்கவில்லை, சோறு போட உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பரவாயில்லை, வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் அனுப்பியிருப்பாள். எதுவும் சொல்லாமல் ஆறு எண்ணையும் வாசித்துக் கொடுத்துவிட்டுச் சோறு போடப் போனவளை என்ன செய்வது?

அந்த மணலில் பிடிபட்ட பூச்சிக்கு யாங்கோனில் சாட்சி சொன்னது யார்? விடாமல் பார்த்தது கனகம். ஆனால் வாசலில் மூன்று பேர் நின்று யார் என்று கேட்டபோது நான் என்று சொன்ன பெயர் ஒன்றுதான். முதலில் சொன்ன பெயர் நிற்கும். சட்டம் அதுதானே, அவளே ஆயிரம் தடவை அட்டவணையில் எழுதியிருக்கிறாள். இன்றைக்கு அது அவள் தலையில் வந்து விடிந்தது.

நாலு இருபத்தாறுக்கு அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். திருத்தம் இல்லை என்பதைத் தொட்டாள். நன்றி மஞ்சுளா என்று திரை சொன்னது. அவளுக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். பெருந்தன்மை, நிம்மதி, அப்படி ஒன்றும் வரவில்லை. ஏழு மாதமும் போயிற்று, பெயரும் போயிற்று, காலையிலிருந்து பட்டினி வேறு.

அண்ணி தட்டோடு வந்தாள். சோறு, வாழைக்காய்ப் பொரியல், ஆறிப்போன வடை, கிண்ணத்தில் பாயசம். தரையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“மாத்திட்டியா?”

“இல்ல.”

“ஏன், நம்பர் வேல செய்யலயா?”

“செஞ்சுது அண்ணி.”

அண்ணி அவளைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். அந்தப் படத்தைக் காட்டு என்றாள். கனகம் காட்டினாள். சாம்பல் மயிரும் கறுத்த முதுகுமாக, ஊசியில் குத்தி, கீழே சிவப்புச் சீட்டு வைத்த ஒற்றைத் தேனீ. இந்த இனத்துக்கே இதுதான் அத்தாட்சி என்று வைத்துக்கொள்கிற ஒரே பூச்சிக்குத்தான் அந்தச் சிவப்புச் சீட்டு. அண்ணி விரலால் படத்தைப் பெரிதாக்கி, முதுகுக் குழிகளைப் பார்த்து, எங்கப்பா வச்ச பேரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ரொம்ப நேரம் போனைத் திருப்பித் தரவில்லை. கனகம் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப இனிமே எவனாச்சும் வாசல்ல வந்து மஞ்சுளா யாருன்னு கேட்டா,” என்றாள் அண்ணி, “நீ எந்திரிச்சுப் போயி இதக் கைகாட்டு. நான் கொஞ்சம் தூங்கறேன்.”